சகிப்பும் செவியும்

1

ஒருவரைச் சகித்துக்கொள்கிறோம் என்று சொல்லும்போது, அவர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தமாகுமா? சகிப்பைப் பெரிய குணமாகச் சொல்லியே பழகிவிட்டதால் இந்தக் கேள்வி அதிகம் எழுவதில்லை. கேட்காமலும் சகிக்கலாம். சொல்லப்போனால், கேட்காமல் இருப்பதுதான் சகிப்பதற்கு மிகச் சுலபமான வழி. பக்கத்து அறையில் பையன் ஏதோ ரிக்கார்டைப் போட்டுக்கொண்டிருக்கிறான். தகப்பன் கதவைச் சாத்திவிட்டுப் பத்திரிகை படிக்கிறான். பையனைத் தடுக்கவில்லை, பாட்டையும் கேட்கவில்லை. இவனைத் தாராள மனம் படைத்தவன் என்று சொல்லலாமா?

இதை யோசிக்க நான் எடுத்துக்கொள்வது உயர்ந்த படைப்பு எதையும் அல்ல. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த குடும்ப நகைச்சுவைத் தொடர்களைத்தான். கலை என்ற கணக்கில் பார்த்தால் அவற்றில் பல தேறாது. ஆனால் ராக் இசை வீட்டுக்குள் நுழைந்தபோது மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் இடையில் நேர்ந்த உரசலை, வாரம் தவறாமல், அரைமணி நேரத்துக்குள் முடித்துக் காட்டியவை அவை. ஒரு சமூகம் தன் சச்சரவுகள் எப்படி முடியவேண்டுமென்று ஆசைப்படுகிறது என்பதை அதன் சிறந்த இலக்கியம் மறைத்துவிடக்கூடும். இம்மாதிரிப் பண்டங்கள் கூச்சமில்லாமல் காட்டிவிடும்.

வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தொடர்களில் எந்தச் சண்டையும் அடுத்த வாரத்துக்குப் போகக்கூடாது. விளம்பரம் போக மிஞ்சுவது இருபத்தைந்து நிமிஷம் அளவுக்குத்தான். முடிவில் எல்லோரும் அதே கூடத்தில், அதே சோபாவில் உட்கார்ந்திருந்தாக வேண்டும். யார் பக்கம் நியாயம் என்பதைச் சிரிப்பு தீர்மானிக்கிறது. பல தொடர்களில் அந்தச் சிரிப்புக்கூடப் பார்வையாளனுடையது இல்லை. சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் 1950களில் செய்த ஒரு பெட்டியில் சிரிப்புகள் பதிவாகியிருந்தன. விசையை அழுத்தினால் வேண்டிய ரகத்தில், வேண்டிய அளவில் சிரிப்பு வரும். ஆக, கதையில் சமரசம் நேர்வதற்கு முன்பே வடிவத்தில் அது நேர்ந்துவிட்டிருக்கிறது.

2

'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஆஸி அண்ட் ஹாரியட்' 1952லிருந்து 1966 வரை தொலைக்காட்சியில் ஓடியது, 435 அத்தியாயங்கள். நெல்சன் குடும்பம் தன்னையே நடித்த தொடர் அது. தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் சொந்தப் பெயரில் வந்தார்கள். படப்பிடிப்பு அரங்கையும் அவர்களுடைய நிஜ வீட்டைப் பார்த்தே அமைத்திருந்தார்கள். ஆஸி நெல்சன் தகப்பனாக நடித்ததோடு நிற்கவில்லை. தயாரித்தார், இயக்கினார், கதை வசனத்திலும் அவருடைய கையே ஓங்கியிருந்தது. 1930களில் நடன இசைக்குழு நடத்தியவர் அவர். ஹாரியட் அந்தக் குழுவில் பாடியவர். தங்கள் இளமையில் அவர்களும் ஒரு புது மோஸ்தரின் பிரதிநிதிகளாக இருந்தவர்கள்தான்.

1957 ஏப்ரல் 10இல் ஒளிபரப்பான அத்தியாயத்தில் இளைய மகன் ரிக்கி, வயது 16, ஃபாட்ஸ் டாமினோவின் 'ஐ ஆம் வாக்கின்' பாட்டைப் பாடுகிறான். அதே ஆண்டு ஜனவரியில்தான் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டியிருந்தார்கள். தேசத்தைக் கெடுத்துவிடும் என்று பிரசங்க மேடைகளில் ஏசப்பட்ட ஒரு சங்கீதம், மூன்று மாத இடைவெளியில், அமெரிக்கா தன்னுடைய ஆதர்சக் குடும்பம் என்று ஒப்புக்கொண்டிருந்த வீட்டுக்குள் அந்த வீட்டுப் பிள்ளையின் வாய்வழியாகவே வந்து சேர்ந்தது. அம்மாவும் அப்பாவும் கோபிக்கவில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நியூ ஆர்லியன்ஸ் கறுப்பர் ஒருவரின் பாட்டு அந்த வீட்டுக்குள் வந்தது, அவர் வரவில்லை. பாட்டு வெள்ளைப் பையனின் குரலுக்கு மாறிய பிறகுதான் கதவு திறந்தது. இரண்டு, பையனின் ‘கலக’த்துக்குக் காமிரா வைத்தது தகப்பன். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் பல அத்தியாயங்களின் கடைசியில் ரிக்கியின் பாட்டு ஒன்று இருக்கும். பெரும்பாலும் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. கதை தீர்ந்து, எல்லோரும் சமாதானமான பிறகு பாட்டு வரும். 1961இல் 'டிராவலின் மேன்' பாடப்பட்டபோது பாடும் பையனின் பிம்பத்தின்மேல் பல தேசத்துக் காட்சிகளை ஆஸி படியவைத்தார். பிற்காலத்து இசைப்படங்களுக்கு இதுவே முன்னோடி என்று சொல்பவர்கள் உண்டு. 1958 ஆகஸ்டில் 'பில்போர்டு' பத்திரிகை தன்னுடைய நூறு பாட்டுப் பட்டியலைத் தொடங்கியபோது அதன் முதல் இடத்தில் இருந்தது ரிக்கியின் பாட்டுத்தான்.

ஹெர்பர்ட் மார்க்யூசா 1965இல் எழுதிய கட்டுரையில், சகிப்பே அடக்குமுறையின் கருவியாக மாறிவிடும் நிலைமையைப் பேசினார். எதிர்ப்பை அனுமதிப்பதன் மூலமே அதைச் செல்லாக்காசாக்கிவிடலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். நெல்சன் வீட்டுக் கூடம் இதற்கு உதாரணமாகத் தயாராகக் காத்திருப்பதுபோலத் தோன்றும். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆஸியை அடக்குமுறையாளர் என்று சொல்ல மனம் வரவில்லை. பிள்ளைமேல் பாசமுள்ள, தொழில் தெரிந்த ஒரு மனிதர் அவர். மேலும், அனுமதிக்கப்பட்டதெல்லாம் செல்லாக்காசாகிவிடுவதில்லை. ரிக்கிக்குப் பின்னால் நின்று கிதார் வாசித்தவர் ஜேம்ஸ் பர்ட்டன் என்ற லூயிசியானா இளைஞர். பின்னாளில் எல்விஸின் மேடைக்குழுவில் வாசித்தவர். அந்தக் கிதாரைக் கூர்ந்து கேட்டுத் தாங்களும் கிதாரை எடுத்தவர்கள் இருந்தார்கள். 1987இல் ராக் இசைக் கௌரவ மண்டபத்தில் நெல்சனின் பெயரைச் சேர்த்தபோது அவரை முன்மொழிந்து பேசியவர் ஜான் ஃபோகர்ட்டி. தகப்பன் காமிராவை எங்கே வைத்தாலும் ஒலி அதற்குக் கட்டுப்படவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் சகித்தார்கள். வெகுதொலைவில் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்த யாரோ ஒரு சிறுவன் கேட்டான். இந்த இரண்டு செயல்களும் ஒன்றல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது.

3

1964இல் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்த பிறகு இத்தொடர்களில் ராக் பாடகன் ஒரு வகைப்பாத்திரம் ஆகிவிட்டான். தலைமுடி, கூவும் பெண்கள், புரியாத பேச்சு. இவ்வளவுதான் அவன். 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொடரில் 1965 டிசம்பரில் 'மாஸ்கிட்டோஸ்' என்ற குழு ரசிகைகளிடமிருந்து தப்பித் தீவுக்கு வருகிறது. தீவில் ஒதுங்கிக் கிடக்கும் பெண்கள் அவர்களைவிட நன்றாகப் பாடிவிட, போட்டிக்குப் பயந்து குழு அவர்களை அங்கேயே விட்டுவிட்டு ஓடுகிறது. 'தி மன்ஸ்டர்ஸ்' தொடரின் பூதக் குடும்பத்து வீட்டுக்கு ஸ்டாண்டெல்ஸ் என்ற நிஜக் குழுவே வந்து பீட்டில்ஸ் பாட்டை வாசித்தது. இவற்றில் பகைமை இல்லை. பகைமை இருந்திருந்தால் எதிரியைக் கொஞ்சமாவது உற்றுப் பார்த்திருப்பார்கள். இது டோப்பா வைத்துக்கொண்டு விளையாடுவது; மூத்த தலைமுறை இளையதன் தலைமுடியோடு தன் அறிதலை நிறுத்திக்கொண்டது.

'தி மங்கீஸ்', 1966லிருந்து 1968 வரை வந்தது. நான்கு இளைஞர்கள் ஒரு வீட்டில் வாழ்கிறார்கள். பெரியவர்கள் யாரும் இல்லை. தகப்பனே இல்லாத நகைச்சுவைத் தொடர் என்பது அன்றைக்குப் புதுமைதான். ஆனால் தகப்பன் மறைந்துவிடவில்லை, வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் குடிபோயிருந்தான். விளம்பரம் செய்து பொறுக்கியெடுக்கப்பட்ட அந்த நால்வரின் முதல் இரண்டு இசைத்தட்டுகளில் வாத்தியம் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோக் கலைஞர்கள். இசைப்பொறுப்பில் இருந்த டான் கிர்ஷ்னரோடு மோதி அவரை வெளியேறவைத்த பிறகுதான், 1967இல் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' தட்டில் அவர்களே வாசித்தார்கள். உண்மையான தலைமுறைச் சண்டை தொடருக்கு வெளியே நடந்தது. தொடரில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் அது வேடிக்கையாக இல்லை.

ஒரே ஒருமுறை, தற்செயலாக, இந்த வடிவமே உண்மையைச் சொல்லிவிட்டது. 'தி பிராடி பஞ்ச்' தொடரில் 1973 செப்டம்பரில் ஒளிபரப்பான அத்தியாயம். மூத்த மகன் கிரெக்கை ‘ஜானி பிராவோ’ என்ற பெயரில் நட்சத்திரமாக்க ஒரு நிறுவனம் முன்வருகிறது. பதிவைக் கேட்டால் அது அவன் குரலாகவே இல்லை. அப்படியானால் தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? தைத்துவைத்திருந்த சட்டை அவனுக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். பையன் மறுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறான், தொடர் தன் நீதியைச் சொல்லிமுடிக்கிறது. அதே தொடரின் குழந்தை நடிகர்களைப் பாடவைத்து அந்த ஆண்டுகளில் இசைத்தட்டுகள் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது தொடர் சொல்லாத பகுதி. சட்டை முதலில் தைக்கப்பட்டுவிடுகிறது, உடம்பு பிறகு தேடப்படுகிறது. தகப்பனுக்குப் பிள்ளையின் இசை புரிகிறதா என்ற கேள்வி இந்தச் சட்டைக்கு முன்னால் அற்பமாகிவிடுகிறது. ஆனால் அந்த அற்பக் கேள்விதான் ஆண்டுக்கணக்காக நம் கண்முன் நிறுத்தப்பட்டது.

4

நெல்சன் வீட்டில் தகப்பன் மகனை எழுதினார். 1971இல் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி'யில் மகன் தகப்பனை எழுதினான். பிரிட்டிஷ் தொடர் ஒன்றைத் தழுவி அதை உருவாக்கிய நார்மன் லியர், ஆர்ச்சி பங்கரிடம் தன் தகப்பனின் சாயலை ஏற்றியதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு அத்தியாயமும் ஆர்ச்சியும் மனைவி ஈடித்தும் பியானோ முன் உட்கார்ந்து பழைய நாட்களுக்கு ஏங்கிப் பாடுவதோடு தொடங்கும். ஈடித்தின் குரல் உச்சத்தில் கீச்சிடும். ராக்குக்கு முந்திய சங்கீதத்தின் மீது ராக் தலைமுறையை நோக்கி எழுதப்பட்ட ஒரு கேலி அது. அதில் கொஞ்சம் பிரிவாற்றாமையும் கலந்திருந்தது.

ஆர்ச்சிக்கும், அவன் வீட்டிலேயே தங்கி, அவன் சோற்றைத் தின்று, படித்துக்கொண்டிருக்கும் மருமகன் மைக்குக்கும் நடக்கும் சண்டை தீர்வதில்லை. வியட்நாம், கறுப்பர், நிக்ஸன், கடவுள் என்று ஒவ்வொரு வாரமும் புதிதாக மூளும். அரைமணி நேரம் முடிந்தாலும் மிச்சமிருக்கும். இருவரும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்வதில்லை, ஆனால் கேட்கிறார்கள். ஆர்ச்சிக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணமே மைக் சொன்னது காதில் விழுந்ததுதான். கோபத்தோடு கேட்பதும் கேட்பதே. புன்னகையோடு கேட்காமல் இருப்பதைவிட அதில் எதிராளிக்குக் கூடுதல் மரியாதை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதை ஒளிக்கக்கூடாது. நீல் விட்மார், மில்ட்டன் ரொக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தில் துவேஷம் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியை மெச்சினார்கள், வாதத்தில் அவனே வென்றதாகவும் கண்டார்கள் என்று தெரியவந்தது. மகன் தகப்பனை அம்பலப்படுத்த எழுதினான். தகப்பன்மார்கள் அதைத் தங்களுக்கான புகழுரையாக வாசித்தார்கள். பாத்திரங்கள் ஒருவரையொருவர் கேட்டால் மட்டும் போதாது; பார்ப்பவனுடைய செவி ஏற்கனவே அடைத்திருந்தால் நாடகம் ஒன்றும் செய்துவிட முடியாது. கலை ஒருவனைத் திருத்திவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும்.

5

தலைமுறை என்பது வயதைப் பொறுத்த விஷயமா என்ற சந்தேகத்தைக் கிளப்பும் சம்பவம் ஒன்று, மறுபடியும் ரிக்கி நெல்சனைப் பற்றியது. 1971 அக்டோபரில் நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் பழைய ராக் பாடகர்களைக் கூட்டி ஒரு கச்சேரி நடந்தது. முப்பத்தொரு வயது நெல்சன் நீண்ட தலைமுடியோடு வந்து, பழைய பாட்டுகளோடு புதியவற்றையும் பாடினார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. போலீஸார் யாரையோ வெளியேற்றியதற்காக எழுந்த கூச்சல் அது என்றும் சொல்வதுண்டு. நெல்சன் அது தனக்கானது என்றே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அதைப் பற்றி அவர் எழுதிய 'கார்டன் பார்ட்டி' பல வருஷங்களுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பெரிய வெற்றி.

கூச்சலிட்டவர்கள் அவருடைய வயதுக்காரர்கள், அவரோடு வளர்ந்தவர்கள். அவர் என்றும் பதினாறாகவே இருக்கவேண்டும் என்று விரும்பினார்கள். ஆஸிகூட இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. மற்றவன் மாறக்கூடாது என்று நினைக்கிற கணத்தில் யாரும் தகப்பனாகிவிடலாம். 1974இல் வந்த 'ஹாப்பி டேஸ்' அந்த ஆசைக்கென்றே கட்டப்பட்ட வீடு. முன்பு திரையரங்குகளில் ரகளை மூட்டியதாகப் பேர்பெற்ற 'ராக் அரௌண்ட் தி கிளாக்' அதில் குடும்பத் தொடரின் முகப்புப்பாட்டாக ஒலித்தது. 1980களில் 'ஃபேமிலி டைஸ்' வந்தபோது வரிசை தலைகீழாகியது. பெற்றோர் முன்னாள் ஹிப்பிகள், மகன் டை கட்டிய ரீகன் பக்தன். சண்டையின் உள்ளடக்கம் எதுவானாலும் சோபா அப்படியே இருந்தது.

6

இதுவரை சொன்னவற்றில் யாருக்கும் பெரிய சேதமில்லை. கேட்காமல் சகிப்பதால் என்ன குடிமுழுகிவிடும் என்று ஒருவர் கேட்கலாம். அதற்குப் பதில் ஒரு தொடரிலும், அது தொட்ட ஒரு நிஜத்திலும் இருக்கிறது.

'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி', 1978லிருந்து 1982 வரை வந்தது. மெல்லிசை ஒலிபரப்பி நஷ்டத்தில் ஓடும் ஒரு வானொலி நிலையம் ராக்குக்கு மாறுவதுதான் அதன் தொடக்கம். நிலையத்தின் மானேஜர் நடுவயதுப் பிள்ளை. முதலாளி அவனுடைய தாய். இங்கே ராக் யாருடைய கலகமும் இல்லை, வியாபாரம்தான் என்பதைத் தொடர் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

1979 டிசம்பர் 3இல் அதே சின்சினாட்டி நகரத்தில் ரிவர்ஃபிரண்ட் கொலீசியம் அரங்கில் 'தி ஹூ' குழுவின் கச்சேரி. விற்ற டிக்கெட்டுகளில் பெரும்பாலானவை இடம் குறிக்கப்படாதவை. முதலில் நுழைகிறவனுக்கு முன்வரிசை. குளிரில் பல மணி நேரம் நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சில கதவுகளே திறக்கப்பட்டன. உள்ளே இசை தொடங்கிவிட்டது என்று பின்னாலிருந்தவர்கள் நினைத்து முன்னே தள்ளினார்கள். பதினொரு பேர் நெரிபட்டு மூச்சு முட்டி இறந்தார்கள். இறந்தவர்களில் 15 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கச்சேரி முடியும்வரை குழுவினரிடம் யாரும் சொல்லவில்லை, இசை தொடர்ந்தது.

மறுநாள் பலருக்கும் உடனே கிடைத்த விளக்கம் தலைமுறை. போதை ஏறிய காட்டுமிராண்டிக் கூட்டம் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டது என்று எழுதினார்கள். பெரியவர்கள் பல வருஷங்களாக எச்சரித்ததுதானே நடந்தது! நாரிஸ் ஜான்சன் என்ற சமூகவியலாளர் போலீஸ் பதிவுசெய்த வாக்குமூலங்களை ஆராய்ந்து 1987இல் எழுதிய கட்டுரை இதை மறுத்தது. வெறிகொண்ட ஓட்டம் எதுவும் இல்லை. விழுந்தவர்களைத் தூக்க முயன்றவர்கள், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவர்களைக் காக்கப் போராடியவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். முன்னால் சாகிறார்கள் என்று கத்தினார்கள். அந்தக் கத்தல் பின்னாலும் எட்டவில்லை, கதவுக்கு உள்ளேயும் எட்டவில்லை. இளைஞர் கத்துவது வழக்கம்தானே என்று பழகிய செவிக்கு இந்தக் கத்தல் வேறு என்று எப்படித் தெரியும்?

1980 பிப்ரவரியில் அந்தத் தொடர் இச்சம்பவத்தை எடுத்துக்கொண்டது. அத்தியாயத்தின் முதல் பாதி வழக்கமான கேலி. கச்சேரிக்கு டிக்கெட் பரிசளித்து நிலையம் கொண்டாடுகிறது. இரண்டாம் பாதி மறுநாள். தாங்கள் கொடுத்த டிக்கெட்டோடு போனவர்களில் யார் திரும்பவில்லை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அங்கே சண்டையிட மூத்தவனும் இல்லை, இளையவனும் இல்லை. பேச்சு தலைமுறையை விட்டு இடம் குறிக்காத டிக்கெட்டுக்கும், அதைத் தடைசெய்யும் நகரச் சட்டத்துக்கும் வந்துவிடுகிறது. சோபாவில் முடிக்க முடியாத ஒரு விஷயத்தைக் கையில் எடுத்து, வடிவம் ஒருமுறை தன்னைத் தானே மீறிக்கொண்டது. கலையாக அது பெரிய சாதனையா என்பது வேறு விஷயம். யார் கதவைத் திறக்கவில்லை என்று கேட்பதற்குப் பதிலாக யார் எந்தத் தலைமுறை என்று கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கத்தை அது சற்று நேரம் நிறுத்தியது. இருபது வருஷங்களுக்கு மேலாக அந்தப் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தவை இதே தொடர்கள்தான்.

சகிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளும் தகப்பன், ரிக்கார்டை உடைக்கும் தகப்பனைவிட மேலானவன்தான். ஆனால் அவன் செய்தது கதவைச் சாத்தியது மட்டுமே என்பதை அவன் அறிந்திருக்கவேண்டும். தன்னைத் தாராளவாதி என்று எண்ணிக்கொள்ளும் கணத்தில் அவன் செவி நிரந்தரமாக மூடிவிடுகிறது.

பின்கதை ஒன்று. 'டபிள்யூ.கே.ஆர்.பி.' தொடரில் நிஜமான ராக் பாட்டுகள் ஒலித்தன. அவற்றுக்குப் பெற்ற உரிமை காலவரையறைக்குட்பட்டது. பிறகு மறுஒளிபரப்புகளிலும் 2007இல் வந்த முதல் பருவத்துக் குறுந்தகடுகளிலும், செலவு மிச்சம்பிடிக்க, பல இடங்களில் பாட்டுகளை எடுத்துவிட்டு யாரோ கூலிக்குச் செய்த இசையை நிரப்பினார்கள். 2014இல் வந்த பதிப்பில்தான் பெரும்பாலானவை திரும்பிவந்தன. இடைப்பட்ட காலத்தில் பார்த்தவர்களுக்கு எல்லாம் இருந்தது: முகம் சுளிக்கும் தாய், தயங்கும் மகன், ராக்கைப் புகழ்ந்து பேசும் அறிவிப்பாளன், சிரிப்பு. எந்த இசையை முன்னிட்டு இவ்வளவும் நடந்ததோ அது மட்டும் இல்லை. பார்த்தவர்களில் பலர் இதைக் கவனித்திருக்கமாட்டார்கள்.